பிரசவ அறையில் சொன்ன ஒரு வார்த்தை

காலை ஆறரை மணிக்கே பிரசவ அறையின் ஏழு கட்டில்களில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். நான்கு கட்டில்களில் இருவர் இருவராகத் தலையும் காலும் மாற்றிப் படுத்திருந்தார்கள். டாக்டர் நெரிசா துபாஸ் ஒவ்வொரு வயிற்றின் மேலும் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்று குறித்துக்கொண்டே போனாள். யாருடைய பெயரையும் கேட்கவில்லை. இலோயிலோ நகரத்தின் அந்தப் பெரிய அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். ஒன்றாம் கட்டில் மம்மி, நான்காம் கட்டில் மம்மி.

நெரிசா மகப்பேறு மருத்துவ மேற்படிப்பில் முதல் வருடம். படிப்பு என்று பெயரே தவிர, புத்தகத்தைத் திறக்க நேரம் கிடையாது. மூன்று நாளைக்கு ஒரு முறை முழு நாள் டியூட்டி, அது முடிந்த மறுநாள் மாலை வரை மீண்டும் வேலை. அவளையும் சேர்த்து நான்கு பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் மாதம் ஒருத்தி அழுதுகொண்டே ஊருக்குப் போனாள். நான்காம் மாதம் இன்னொருவன் அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனான். மிச்சமிருந்த ஒருத்தி நெரிசா வேலைக்கு வரும் நேரத்தில் தூங்கப் போவாள். இருவரும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

நெரிசாவின் ஊர் கூயோ தீவு. கப்பலில் அரை நாளுக்கு மேல் போக வேண்டும். அந்தத் தீவின் பேச்சு இலோயிலோக்காரர்களுக்குப் புரியாது. அவள் வந்த ஐந்து மாதத்தில் அந்தப் பேச்சைப் பேசியது அம்மாவிடம் மட்டும், தொலைபேசியில். அதுவும் நின்றுபோயிருந்தது. 'சாப்பிட்டியா?' என்று அம்மா அனுப்பிய செய்திகள் பதிலில்லாமல் கிடந்தன. எழுத நேரமில்லை என்பது பாதி உண்மை. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்பது மீதி. மதியச் சோற்றையும் கருவாட்டையும் அவள் படிக்கட்டுத் திருப்பத்தில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அங்கே யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளோடு பேசவும் யாரும் இல்லை.

அவளுக்கு மேலே இருந்தது இறுதி வருடத்து மரிவிக் ஹெச்சனோவா. கெட்டிக்கார டாக்டர். அவள் கைபட்டுப் பிழைத்த தாய்மார்கள் அந்த நகரத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். கைக்கு இருந்த வேகம் வாய்க்கும் இருந்தது. நெரிசா நோயாளிகளிடம் தணிந்து பேசுவதைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல்.

"துபாஸ், நீ என்ன கன்னியர் மடத்துல ஜெபம் சொல்லிக்குடுக்க வந்தவளா? இப்படிக் கொஞ்சிக்கிட்டு நின்னா பதினொண்ணும் ஒரே நேரத்துல தரையில பிள்ளையைப் போட்டுடும். அதட்டு. அதட்டினாத்தான் முக்குவாங்க."

"சரி மேடம்."

"சரி மேடம், சரி மேடம். அஞ்சு மாசமா இதைத்தான் கேக்கறேன். ஒரு நாளாவது வாயைத் திறந்து பாத்தேனா?"

நர்ஸ் பெபெத் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சிரித்தாள். நெரிசா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வயிற்றில் கை வைத்தாள்.

பதினொரு மணி வாக்கில் ஆறாம் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். ஜொனாலின், வயது இருபத்திரண்டு, முதல் பிரசவம். புருஷன் ரிக்கோ மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லாததால் அவனைக் கம்பிக் கதவோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், வலி ஏற ஏறக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள்.

"அம்மா, பயமா இருக்கும்மா. யாராவது பக்கத்துல வாங்களேன்."

அது கூயோ பேச்சு.

நெரிசாவின் கை அப்படியே நின்றது. அந்தத் தீவின் இழுவையும் சொல்லும் மாறாமல், பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டதுபோல் இருந்தது. 'இதோ இருக்கேன்' என்று இரண்டே வார்த்தை அதே பேச்சில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஹெச்சனோவா எதிர்க்கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெபெத்தும் பார்த்தாள். ஜொனாலின் மறுபடி கத்தினாள்.

நெரிசா இலோயிலோ பேச்சில், குரலை உயர்த்திச் சொன்னாள்: "புருஷன்கூடப் படுத்தப்ப இந்தச் சத்தம் எங்க போச்சு? இனிமே வாயைத் திறந்தா உன்னைத் தொடவே மாட்டேன்."

அது அவளுடைய சொந்த வார்த்தை இல்லை. அந்த அறையில் ஒரு நாளைக்குப் பத்து தடவை காதில் விழுவது. ஆனால் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தது. ஜொனாலின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதன்பிறகு அவளிடமிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இப்பத்தான் டாக்டர் மாதிரி பேசற" என்றாள் ஹெச்சனோவா.

ஐந்து மாதத்தில் நெரிசாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. யாரோ தோளில் கை போட்டதுபோல் அவளுக்கு இதமாக இருந்தது. இப்படி இதமாக இருந்ததை நினைத்துத்தான் பின்னாளில் அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

இரண்டு மணிக்கு ஜொனாலினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிக்கல் எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி முழுதாக வந்தது. நெரிசா தையல் போட்டபோதுகூட அந்தப் பெண் முனகவில்லை. இரண்டு மணி நேரமாவது அங்கேயே வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கட்டிலுக்கு ஆள் காத்திருந்ததால் முக்கால் மணியில் வார்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஐந்தாவது பிள்ளையைப் பெற்றிருந்த தோரியா என்பவளோடு ஒரே கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

மூன்றரை மணிக்கு நெரிசா வார்டைச் சுற்றி வந்தாள். முப்பத்திரண்டு தாய்மார்கள். ஜொனாலின் கழுத்துவரை போர்த்திக்கொண்டு விழித்திருந்தாள்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா?" நெரிசா கட்டில் காலருகே நின்றபடி கேட்டாள்.

ஜொனாலின் இல்லை என்று தலையசைத்தாள்.

நெரிசா போர்வையை விலக்கவில்லை. வயிற்றில் கை வைக்கவும் இல்லை. 'தொந்தரவு ஏதும் சொல்லவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நாலு மணிக்குத் தோரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் மேசை வரைக்கும் நடந்தே வந்துவிட்டாள். "டாக்டர், மெத்தையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. என்னோடதுன்னு நினைச்சேன். என்னோடது இல்ல. அந்தப் பொண்ணு கண்ணைத் திறக்க மாட்டேங்குது."

போர்வையை எடுத்தபோது மெத்தையின் குழி முழுவதும் ரத்தம். கல்லாக இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவுபோல் தொளதொளவென்று கிடந்தது. நெரிசா இரண்டு கையாலும் வயிற்றைப் பிசைந்துகொண்டே கத்தினாள். ஹெச்சனோவா ஓடி வந்தாள். மருந்து ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். எதற்கும் கர்ப்பப்பை இறுகவில்லை. ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கம்பிக் கதவருகே ரிக்கோவிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

"கர்ப்பப்பையை எடுத்தாத்தான் உயிர் தங்கும்" என்றாள் நெரிசா.

அவன் பேனாவைப் பிடிக்கத் தெரியாதவன்போல் பிடித்தான். "அவளுக்குச் சின்ன முள்ளு குத்தினாக்கூட ஊரையே கூட்டுவாளே. இவ்வளவு ரத்தம் போயிருக்கு, அவ கூப்பிடவே இல்லையா டாக்டர்?"

நெரிசா கையெழுத்தான காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஜொனாலின் பிழைத்தாள். அது ஹெச்சனோவாவின் கைவேகம். கர்ப்பப்பை போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, ஜொனாலினுக்குப் பேசும் தெம்பு வந்தபிறகு, நெரிசா அவள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் ஒரு நோயாளியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கூயோ பேச்சில் கேட்டாள்.

"ஜொனாலின், ரத்தம் போறது உனக்குத் தெரியலையா?"

அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. "நீங்க நம்ம ஊரா?"

"ஆமா."

"அப்ப நான் அன்னிக்குக் கூப்பிட்டது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

ஜொனாலின் குழந்தையின் தலையை வருடினாள். பிறகு சொன்னாள்: "சூடா வழிஞ்சுக்கிட்டே இருந்தது. தெரிஞ்சுது. வாயைத் திறந்தாத் தொட மாட்டேன்னு சொன்னீங்களே. நீங்க வந்து தொடணும்னுதான் பேசாம இருந்தேன்."

நெரிசாவால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

வியாழக்கிழமை துறைக் கூட்டம். சிக்கலான பிரசவங்களை எல்லா டாக்டர்களுக்கும் முன்னால் அலசுவார்கள். அறை வாசலில் ஹெச்சனோவா அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. நோயாளி எதுவும் சொல்லலைன்னு சொல்லு. அதுதான் உண்மை, எழுதியும் இருக்கு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

துறைத் தலைவர் டாக்டர் பனேஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "மூணரை மணிக்குப் பாத்திருக்கீங்க. தொந்தரவு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அரை மணியில ரத்தம் வத்திப்போச்சு. எப்படி?"

"நோயாளி எதுவும் சொல்லல சார்" என்றாள் நெரிசா. ஹெச்சனோவா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "ஆனா அது பாதிதான். சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்."

பிரசவ அறையில் ஜொனாலினிடம் சொன்ன வாக்கியத்தை அவள் மாற்றாமல், மழுப்பாமல், அப்படியே திரும்பச் சொன்னாள். கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது சொல்லாதவர்கள் அதிகம் பேர் இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க இதை?" என்றார் பனேஸ்.

நெரிசா ஹெச்சனோவாவின் பக்கம் திரும்பவில்லை. "யார்கிட்டக் கத்துக்கிட்டா என்ன சார்? சொன்ன வாய் என்னோடது. வயித்துல கை வைக்காம போனதும் நான்தான்."

அவளுடைய பயிற்சியை இரண்டு மாதம் நீட்டினார்கள். பிரசவம் முடிந்தவர்களை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வார்டுக்கு மாற்றக்கூடாது என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பேச்சைப் பற்றிக் காகிதம் எதுவும் ஒட்டவில்லை. அன்றிலிருந்து ஹெச்சனோவா வேலை விஷயத்தைத் தவிர அவளிடம் பேசவில்லை. மற்றவர்களும் அவள் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். முன்பு தனியாகச் சாப்பிட்டது பேச ஆள் இல்லாததால். இப்போது அவள் பக்கத்தில் உட்கார மற்றவர்கள் தயங்கினார்கள்.

பத்தாம் நாள் ஜொனாலினை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிக்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தையல் இழுக்க, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஜொனாலின் மெல்ல நடந்தாள். நெரிசா வாசல் வரை கூடவே வந்து, கூயோ பேச்சில் சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடு."

ஜொனாலின் நின்றாள். அவள் முகத்தில் கோபமும் தெரியவில்லை, இரக்கமும் தெரியவில்லை.

"மன்னிப்பேனா மாட்டேனான்னு எனக்கே இன்னும் தெரியல டாக்டர். இவ வளர்ந்து, 'எனக்கு ஏன் தம்பி தங்கச்சி இல்லை'ன்னு கேக்கறப்பத்தான் தெரியும்."

நெரிசா தலையசைத்தாள்.

ஜொனாலின் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "உள்ள இன்னும் எத்தனையோ பேர் கத்திக்கிட்டு இருப்பாங்க. உங்களைத் தொந்தரவு பண்ணவா கத்தறோம்? அந்த நேரத்துல எங்களுக்கு வேற பேச்சு வராது டாக்டர். ஏழைன்னு, படிக்காதவங்கன்னு எங்க வாயை அடைக்காதீங்க. அந்தச் சத்தத்தைக் கேக்கத்தானே உங்களை அங்க நிக்க வச்சிருக்கு."