விட்டுப்போன கை

"எங்க நானாவோட கை எங்க?"

சமரீன் அதை ஒரே ஒரு முறைதான் கேட்டாள். ஏழு வயதுக் குழந்தை. காணாமல் போன செருப்பைத் தேடுகிற மாதிரி சுவரில் இருந்த படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள். பால் சங்கத்தில் பதினெட்டு வருடமாகப் பாலைச் சோதித்து வாங்கும் சுகுணா, லேக்டோமீட்டரைப் பாலில் விட்டுவிட்டு அளவைப் பார்க்க மறந்தாள்.

படம் சுகுணா வரைந்தது. பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்கும் இரண்டு குதிரைகள். அவள் யாரிடமும் ஓவியம் கற்றதில்லை. செல்போனில் எடுத்த போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அதன்மேல் பென்சிலால் கட்டம் கிழித்து, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவாள். காலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் இரண்டு கட்டம் முடியும். அப்படியே நான்கு மாதத்தில் குதிரைகளின் தொடைத் தசையும் வாய் நுரையும் நெஞ்சில் அழுந்தும் தோல்பட்டையும் உயிரோடு வந்துவிட்டன. சங்கத் தலைவர் சென்னப்பன் தானே ஆணி அடித்து மாட்டினார். பால் ஊற்ற வந்தவர்கள் கேனை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

குதிரைகள் அப்துல் கனி பாயுடையவை. பாப்பாரப்பட்டிப் பக்கம் இரட்டைக் குதிரை பூட்டிப் பாரம் அடிக்கிறவர் அவர் ஒருவர்தான். சங்கத்துக்கு மாட்டுத்தீவன மூட்டை இறக்க வந்தவர், பள்ளி விடுமுறை என்று மகள் வயிற்றுப் பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். தாயைப் பெற்றவரை அவர்கள் வீட்டில் நானா என்பார்கள்.

"அன்னிக்கு நானும் வண்டியில இருந்தேன்" என்றாள் குழந்தை. "நானா ஒரு கையில கடிவாளத்தப் புடிச்சிக்கிட்டு, ஒரு கையால இந்த ஆன்ட்டியக் கூப்புட்டாங்க. அப்புறந்தான் வண்டி பின்னால போயி, செவலைக் குதிரை முட்டி போட்டு வுழுந்துச்சு."

மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த சென்னப்பன் திரும்பிப் பார்த்தார். பாய் பேத்தியின் தலையில் கை வைத்தார்.

"சும்மாரு சமரீன். படம் குதிரைங்களுக்குத்தான். என் கைய யாரு பாக்கப் போறாங்க?" பிறகு சுகுணாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எங்க புள்ளைங்கள ராஜா வூட்டுக் குதிரையாட்டம் பண்ணிட்டீங்கம்மா."

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பது சுகுணாவுக்குப் புரிந்துவிட்டது. ஞாபகம் இருந்தும் சென்னப்பன் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

அது ஐப்பசி மழை விட்ட ஒரு காலை நேரம். சங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மதகடியில் மண் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் வண்டியின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. குதிரைகளின் முன்னால் நின்று கடிவாளத்தைப் பிடித்திருந்த பாயால் அதை விட்டு வர முடியாது. ஸ்கூட்டியில் வந்த சுகுணாவைப் பார்த்து, "அம்மா, ஒரு கல்லெடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் குடுங்கம்மா" என்று கை நீட்டிக் கூப்பிட்டார்.

அவள் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் வெயில் அப்போதுதான் குதிரைகளின் நனைந்த முதுகில் இறங்கியிருந்தது. போட்டோ எடுத்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். பின்னால் யாராவது வருவார்கள் என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பின்னால் யாரும் வரவில்லை என்பதை நான்கு மாதம் கழித்து ஒரு குழந்தை சொல்லித் தெரிந்துகொண்டாள்.

பாய் குதிரைத் தலைக்கு மறைவில் நின்றதால், போட்டோவின் ஓரக் கட்டங்கள் மூன்றில் அந்தக் கை மட்டும் இருந்தது. சுகுணாவுக்குக் கை வரைய வராது. மூன்று முறை அழித்துவிட்டு, அங்கே வேப்பிலைப் பச்சையைப் பூசி மூடினாள். ஆளில்லாமல் குதிரைகள் மட்டும் இருந்தால்தான் அழகு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வரைய வராமல் விட்டாளா, பார்க்க முடியாமல் விட்டாளா என்று இப்போது அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. குழந்தை கேட்ட மறுநாள் விளக்கேற்றியதும் சங்கத்துக்குக் கிளம்பினாள்.

அன்றே படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். தன் இடது கையைக் கண்ணாடி முன் நீட்டி வைத்துக்கொண்டு பத்து நாள் வரைந்தாள். கை கோணலாகத்தான் வந்தது. திரும்ப மாட்டியதும் கேன் ஏற்றும் மாரியப்பன் சிரித்தான்.

"நல்லா இருந்த படத்த ஏன்க்கா கெடுத்தீங்க? குதிரைக்கு ஒரு சீப்பு வாழப்பழம் காட்ற மாதிரி இருக்குது."

"ஒருத்தர் கூப்புட்ட கைப்பா அது" என்றாள் சுகுணா.

ஆனாலும் மனம் ஆறவில்லை. வரைந்த கையால் சக்கரத்துக்கு என்ன ஆகும்? செவலையின் முழங்காலில் முடி முளைக்காத வழுக்கை ஒன்று அப்படியே இருந்தது. மதகடிக்கு வரும்போதெல்லாம் பாய் வண்டியை நிறுத்தி, பேத்தி இருந்தால் இறக்கிவிட்டு, பள்ளத்தை ஓரம்கட்டித் தாண்டுவார். அவர் நிற்பதும் கிளம்புவதும் குதிரை மணிச் சத்தத்திலேயே சங்கத்துக்குக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை மதியம், பாய் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம். சாலையில் ஈ காக்கை இல்லை. தன் வீட்டுப் பழைய மாட்டுத்தொட்டியை உடைத்த ஜல்லியைச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டியில் மூன்று நடை கொண்டுவந்தாள் சுகுணா. பெரிய கல்லை அடியில் போட்டு, இடுக்கில் சின்னதை நிரப்பி, மேலே மண் கொட்டித் தண்ணீர் தெளித்து, தென்னங்கட்டையால் இடித்தாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. கட்டையின் பிடியைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு, காலால் மிதித்தால் அமுங்காத வரைக்கும் இடித்தாள். பிறகு கைகால் கழுவிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள்.

சாயங்காலப் பால் வரத் தொடங்கியிருந்தது. தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. மதகடிக்கு வந்தது. நிற்கும் என்று பழக்கத்தில் காது காத்திருந்தது. சத்தம் நிற்காமல் மேடேறி, சங்கத்தைக் கடந்து, பாப்பாரப்பட்டிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

சுகுணா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எரிகிற கையால் அடுத்த கேனின் மூடியைத் திறந்தாள்.