முள் ஏன் இறங்குகிறது

பம்பின் கைப்பிடியை விட்டதும் முகம்மது சாதிக் அழுத்தம் காட்டும் கேஜைத்தான் பார்த்தான். நாற்பதில் நின்ற முள் மெல்ல முப்பத்தெட்டுக்கு இறங்கியது. அவன் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. உடனே அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அவன் மனைவி மெஹர்பானு மண்டியிட்டு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள். ஸ்பிரிட்டும் ஆக்சிஜனும் கலந்து எரியும் சின்ன ராக்கெட் இன்ஜின் ஒன்றைத் தானே செய்திருந்தாள். பனவடலிசத்திரம் போகிற வழியில், தறிகளை விற்றபின் காலியாகக் கிடந்த அவளுடைய வாப்பாவின் கொட்டகையில்தான் வேலை நடந்தது. போன வருஷம் முதல் இன்ஜினைக் கொளுத்தியபோது அது வெடித்தது. ஒரு துண்டு அவள் காதை உரசிக்கொண்டு போய்க் கூரையைத் துளைத்தது.

"அடுத்ததைத் தண்ணி ஏத்தி டெஸ்ட் பண்ணு. தாங்கிச்சுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று அப்போது சாதிக் சொல்லியிருந்தான். தாங்காது என்ற நம்பிக்கையில் சொன்ன சொல் அது.

இன்ஜினின் வாய்களை அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, ஓடும்போது வரும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு ஏற்ற வேண்டும். முள் அசையாமல் நின்றால் பாஸ். இது மூன்றாம் தடவை. மூன்று தடவையும் முள் இறங்கியது.

"எங்கன போவுதுன்னே தெரியல மச்சான். ஒரு சொட்டு வெளிய வரல."

"வெல்டிங்ல இருக்கும்."

"வெல்டிங் காஞ்சுல்லா கெடக்கு."

ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய காகிதத்தைச் சுற்றிப் பார்த்தாள். எதுவும் நனையவில்லை. கடைசிக் காகிதத்தை விரலில் உருட்டியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் சாதிக்குக்கு எளிதாக இருந்திருக்கும். அழவில்லை. தன் கையெழுத்தையே படிக்க முடியாமல் போனவளைப்போல இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத்தானே வேண்டினோம், பிறகு ஏன் அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

பார்வையை விலக்கிப் பம்பின் தொட்டியைப் பார்த்தான். பம்பு உறிஞ்சும் குழாயின் நுனியில், தண்ணீருக்குள் தண்ணீர் மெல்லிய இழையாகச் சுழன்றது. இன்ஜினில் குறையில்லை. பம்பின் வழியாகத்தான் தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. சொல்லாமல் இருந்தால் இன்றோடு முடிந்துவிடும்.

தொட்டியைக் காலால் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

"பானு, இங்கன வந்து பாரு" என்று அவன் குரல்தான் சொன்னது.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து ஓடினாள். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே, தண்ணீர் திரும்பாமல் தடுக்க, ஒரு வால்வை எடுத்துவந்து பொருத்தினாள். சாதிக் மறுபடி பம்பை அடித்தான். நாற்பது. வால்வை மூடினாள். முள் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம கொளுத்திரலாமா?" அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ம்" என்றான். சம்மதித்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் இன்ஜினின் வாயில் இருந்த அடைப்பைத் தளர்த்தினாள். தண்ணீர் சீறிச் சுவரில் அடித்து, தரையில் பரவி, வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போனது. வெளியே கருவேல மர நிழலில் நின்ற ஆடு ஒன்று தயங்கித் தயங்கி வந்து, அதில் மூக்கை வைத்துப் பார்த்தது.