இரவல் மூத்திரம்

தீவு வேலைக்கு ஆள் எடுக்கும்போதே கம்பெனிக்காரன் கறாராகச் சொல்லிவிடுவான்: சர்க்கரை உள்ளவனுக்கு அங்கே இடமில்லை. ஆஸ்பத்திரி அக்கரையில், அபுதாபியில். நடுவில் கடல். போட் போய்ச் சேர அரை நாள் ஆகும். தீவில் இருப்பது ஒரே ஒரு கேரவன் கிளினிக், அதற்குள் ஒரு கட்டில், ஒரு ஃப்ரிட்ஜ், கீழக்கரை சாகிர் என்கிற ஆண் நர்ஸ். மயங்கி விழுந்தவனை யார் தூக்கிக்கொண்டு அலைவது? நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயம் பார்த்தால் ராக்கப்பன் சிவகங்கைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவனுக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது. மனைவி சரோஜா மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவாள். ரூமில் எல்லோருக்கும் அது வைட்டமின்தான். வருஷா வருஷம் வரும் செக்கப்தான் எமன். அதில் மூத்திரம் மட்டும்தான் பார்ப்பார்கள். அதற்கும் கேம்பில் ஒரு வழி வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள். நோய் உள்ளவன் நோய் இல்லாதவனிடம் மூத்திரம் இரவல் வாங்கிக்கொள்வான். சின்னத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி, சூடு ஆறாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, கேரவனை ஒட்டிய பாத்ரூமுக்குள் போய்க் குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் கலாஸ், வேலை முடிந்தது!

இந்த வருஷம் இரவல் கொடுத்தவன் ஐயப்பன். ராக்கப்பனின் அக்கா மகன். ராக்கப்பனே விசா பார்த்துக் கூட்டிவந்த பிள்ளை. கம்பி கட்டும் வேலை. பீடி கிடையாது, பாட்டில் கிடையாது. சாயங்காலம் வாலிபால் ஆடினால் நெட்டுக்கு மேலே பாதி ஆள் தெரிவான். வந்து சேர்ந்தபோது எடுத்த செக்கப்பில் ஒரு குறை இல்லை. அடுத்த முறை வர இன்னும் சில மாதங்கள் இருந்தன.

"இந்தத் தீவுலயே சுத்தமான சரக்கு உன்னோடதுதான்டா மாப்ளே" என்றான் ராக்கப்பன், பாட்டிலை வாங்கிக்கொண்டே.

"நல்ல பேருதான் வாங்கிக் குடுக்குற மாமா. இத ஊர்ல சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் சாகிர் கூப்பிட்டு அனுப்பினான். உள்ளே போனதும், "ராக்கண்ணே, கதவச் சாத்துங்க" என்றான். ராக்கப்பன் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சர்க்கரை துளிகூட இல்ல."

அப்பாடா! மனசுக்குள் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டான்.

"ஆனா புரதம் கண்டபடி போகுது. ரத்தமும் கலந்திருக்கு. கிட்னி சரியில்லண்ணே."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டான் ராக்கப்பன்.

"யாருக்கா? குப்பியில யாரு பேரு இருக்கு? உங்களுக்குத்தான்!" சாகிர் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "வெயில்ல தண்ணி குடிக்காம நின்னா வரும். வலி மாத்திரைய மிட்டாய் மாதிரி தின்னாலும் வரும். மாத்திரைய இன்னையோட விடுங்க. தண்ணி நல்லாக் குடிங்க. அடுத்த வாரம் மறுபடி பாத்துட்டு, அப்பவும் இருந்தா அக்கரைக்கு அனுப்பிருவேன். லேசா நெனைக்காதீங்க. சின்னச் சின்னப் பயலுக எல்லாம் டயாலிசிஸ்ல கெடக்குறானுக."

வெளியே வந்தவன் கேரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஐயப்பன் நாள் பூராவும் உச்சி வெயிலில் குனிந்து கம்பி கட்டுகிறவன். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போனால் ஃபோர்மேன் கத்துவான் என்று நாக்கு வறள நிற்கிறவன். இடுப்பு வலிக்கிறது என்று அழுதபோது, "ஒண்ணப் போட்டுக்கடா, சரியாப் போயிரும்" என்று முதல் அட்டையை நீட்டியது யார்? சாட்சாத் இந்த மாமன்தான். இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆகிவிட்டது.

திரும்பிப் போய், "பாய், அது என்னோடது இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும். மகள் பானுப்பிரியா நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள். இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்துவிட்டால் அவள் கரையேறிவிடுவாள். ஒரு வாரம்தானே? தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று சாகிரே சொல்லிவிட்டானே? அவன் அப்படி எங்கே சொன்னான்! ராக்கப்பனுக்கு அப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஐயப்பனை நிழல் மாதிரி தொடர்ந்தான். சைட்டில் தண்ணீர், பஸ்ஸில் தண்ணீர், மெஸ்ஸில் சோற்றுக்கு முன்னால் தண்ணீர்.

"மாமா, நான் என்ன வாழைக்கன்னா? இந்த ஊத்து ஊத்துற?"

"சூட்டு உடம்புடா உனக்கு. குடி."

தலையணைக்கு அடியில் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீரை ஊற்றினான். அன்றைக்கு ஐயப்பன் நிஜமாகவே சண்டைக்கு வந்தான்.

"இடுப்பு ஒடியுது மாமா! நீதான போடச் சொன்ன?"

"இப்ப வேணாங்கிறேன்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"சூடு" என்றான் மறுபடியும்.

வெள்ளிக்கிழமை அக்கா பேசினாள். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். "அவனுக்கென்னக்கா, எருமையாட்டம் இருக்கான்" என்றான். சொன்ன வாய் கசந்தது.

அதற்குள் ஐயப்பனின் முகம் காலையில் உப்பலாக இருக்க ஆரம்பித்திருந்தது. கல்யாணக் களை வந்துவிட்டது என்று ரூமில் கிண்டல் செய்தார்கள். ராக்கப்பனும் சிரித்துவைத்தான். மறு செக்கப்புக்கு முந்தின நாள் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது ஐயப்பனுக்குப் பாதம் ஷூவுக்குள் நுழையவில்லை.

"யாரோ என் ஷூவ மாத்தி வச்சிருக்கான் மாமா."

ராக்கப்பன் கீழே உட்கார்ந்து அவன் காலைத் தூக்கி மடியில் வைத்தான். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி.

"அடப்பாவி" என்றான். ஐயப்பனைச் சொல்லவில்லை. "வாடா எந்திரிச்சு."

செருப்புக் காலோடு இழுத்துக்கொண்டு போனான். கேரவனில் சாகிர் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத்தானே வரச் சொன்னேன்?"

ராக்கப்பன் தன் விரலை நீட்டினான். "குத்துங்க பாய்."

"எதுக்கு?"

"குத்துங்க, சொல்றேன்."

மெஷினைப் பார்த்த சாகிர் டீயைக் கீழே வைத்தான். "முந்நூறைத் தாண்டிருச்சு! என்னண்ணே இது?"

"சர்க்கரை எனக்கு நாலு வருஷமா இருக்கு. அன்னைக்குக் குடுத்தது என்னோடது இல்ல. இந்தப் புள்ளையோடது."

சாகிர் ஐயப்பனை உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்த்தான். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தான். காலை அழுத்திப் பார்த்தான். அப்புறம்தான் வெடித்தான். "அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு வாரம்ணே! ஒரு வாரம் முழுசா வீணாக்கிட்டீங்களே! தெரியாதவன் கெடுத்தா பரவால்ல, தெரிஞ்சுக்கிட்டே..."

ஐயப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

"அதுக்குத்தான் தண்ணி தண்ணின்னியா மாமா?"

ராக்கப்பன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் கத்தியிருந்தால் தேவலை. இரண்டு அறை விட்டிருந்தாலும் மாமன் வாங்கிக்கொண்டிருப்பான். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் ராக்கப்பனால் தாங்க முடியவில்லை. கேரவன் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

போட்டுக்குச் சொல்லிவிட்டு சாகிர் வந்தான். "நீங்களும் கூடப் போங்க. நான் மேல சொல்லாம இருக்க முடியாதுண்ணே, மன்னிச்சுக்கங்க." வாசலில் நிறுத்தி இன்னொன்றும் சொன்னான். "இவனுக்குத் தண்ணி குடுத்துராதீங்க. உள்ள இருக்குறதே வெளிய போகாம மூச்சு வரைக்கும் ஏறிக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரி சேர்ற வரைக்கும் உதட்ட நனைக்கலாம், அவ்வளவுதான்."

போட் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பேருக்கு ஒரு கூரை. அனல் பக்கவாட்டில் அடித்தது. ஐயப்பன் பெஞ்சில் சுருண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். தீவு கண்ணுக்கு மறைந்தது. ராக்கப்பன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பழக்கத்தில் எடுத்துவந்த பெரிய பாட்டிலை மடியில் வைத்திருந்தான்.

வெகுநேரம் கழித்து, "மாமா" என்றான் ஐயப்பன்.

"என்னடா தங்கம்?"

"தண்ணி."

ராக்கப்பன் பாட்டிலைத் திறந்தான். துண்டின் முனையை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினான். ஐயப்பன் துண்டைப் பல்லால் கவ்விச் சப்பினான்.

"இன்னும் கொஞ்சம் மாமா. தொண்டை காயுது."

"வேணாம்டா மாப்ளே."

"ஒரு வாரமா அந்த ஊத்து ஊத்துன. இப்ப ஒரு வாய் குடேன்."

ராக்கப்பன் பாட்டிலை இறுக்கி மூடினான். அவன் கைக்கு எட்டாமல் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.