ஃபேனில் அடைந்த பஞ்சு

மாமனாரின் முகத்தைத் திரையில் பெரிதாக்கிய நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது. புவனா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். வாசலில் மாமனார் ஆறுச்சாமி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அதற்குள் தலைமாட்டில் வைக்கப் படம் வேண்டும்.

பல்லடத்துக் கல்யாண ஆல்பங்களில் பாதி புவனா கை பட்டவை. ஊரில் எத்தனையோ பேருக்கு மாலை போடும் படம் செய்து கொடுத்தவள், சொந்த மாமனார் படத்தை இன்னொருத்தரிடம் கொடுப்பாளா? நல்லாயிருக்கிறதே கதை!

கணவன் கிருபாசங்கர் கதவருகே வந்து நின்றான்.

"ஆச்சா புவனா? பிரேம் போடற ஆளு காத்துட்டிருக்கான்."

"மறுக்காவும் ஆஃப் ஆயிருச்சுங்க."

"பிரேம்காரங்களையே பண்ணிக்கச் சொல்லிப்போடலாம், உடு."

"மாமா மூஞ்சிய எவனோ பண்றதா? நீங்க போங்க, நான் தாரேன்."

அவன் வாசலுக்குப் போனான்.

இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றுவதா வேண்டாமா என்று மாமனாரும் மருமகளும் போட்ட சண்டைதான் வீட்டுக்கே பொழுதுபோக்கு. புது சாஃப்ட்வேருக்கு இது இழுக்காது என்பாள் அவள். "ஓடற மிசினை எதுக்கு மாத்தோணும் அம்மணி?" என்பார் அவர். பக்கத்துக் கொட்டகையில் ஓடும் தன் தறிகளைப் போலவே இதையும் நினைக்கிறாரே என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். மனுசன் அசைந்து கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவளிடம் தானாகவே சொன்னார்.

"புதுசே வாங்கிக்க கண்ணு. இனி அது ஓடாது."

கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அன்றைக்கே கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் விற்கும் சாஜித்திடம் புது செட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

இப்போது பெட்டியின் மேல் கை வைத்தாள். கொதித்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டின் திருகைத் திருப்பினாள். அடிக்கடி கழற்றிய திருகு மாதிரி விரலுக்கே வந்துவிட்டது. உள்ளே ஃபேன் தெரியவில்லை. தறிக் கொட்டகையிலிருந்து பறந்து வந்த பஞ்சு, மெத்தை கணக்காக அடைத்துக் கிடந்தது.

இத்தனை வருசமாக இது அடையாமலா இருந்தது?

ஞாயிற்றுக்கிழமைகளில் தறிகளில் இருக்கும் பஞ்சையெல்லாம் ஊதிவிட்டு, ப்ளோயரை இந்த ஜன்னலில்தான் வைத்துவிட்டுப் போவார். கல்யாண மண்டபத்தில் படமெடுத்துவிட்டுத் திரும்பும் புவனா, "எடுத்த எடத்துல வெக்க மாட்டீங்களா மாமா?" என்று சத்தம் போடுவாள். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார். அது ஏன் இங்கே வந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

சண்டையில் அவர் தோற்கவில்லை. இந்தப் பெட்டியை ஊதிவிட இனி ஆள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை நினைத்ததும் புவனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் ப்ளோயரை எடுத்துவந்தாள்.

சாவுக்காக வீதியில் எல்லாத் தறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் ப்ளோயர் போட்ட சத்தத்துக்கு வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் ஃபேனை ஊதி முடித்தாள். கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது.

திரையில் இருந்தது சென்னிமலைக் கல்யாணம் ஒன்றில் எடுத்த மாமனாரின் படம். காதோரம் முடியில் ஒரு பஞ்சிழை ஒட்டியிருந்தது. அவருடைய ஒவ்வொரு படத்திலும் அவள் முதலில் அழிப்பது அதைத்தான். இன்றும் பிரஷ்ஷை அதன்மேல் கொண்டுபோனாள். பிறகு மவுசை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். முகத்தின் நிறத்தை மட்டும் சரிசெய்து அனுப்பினாள்.

சாஜித் போன் செய்தான். "அக்கா, கேள்விப்பட்டனுங்க. செட்டு ரெடியா இருக்குதுங்க. காரியமெல்லாம் முடியட்டும், அப்பறம் கொண்டாரட்டுங்களா?"

"செட்டு வேண்டாம் சாஜித். கோவிச்சுக்காத. இருக்கற பெட்டிக்கே ரேம் மட்டும் சேத்திப் போட்டுக் குடு, போதும்."

"பழசாச்சுங்களே அக்கா. தாங்குமுங்களா?"

"ஓடும். நான் பாத்துக்கறேன்."

ப்ளோயரை அவள் கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. ஜன்னலிலேயே வைத்தாள்.

பிரேம் போட்ட படம் வந்தது. கிருபாசங்கர் தோள்துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"இந்தப் பஞ்சு போகவே மாட்டீங்குது."

"அது கண்ணாடி மேல இல்லீங்க," என்றாள் புவனா. "இருக்கட்டும் உடுங்க."

அவன் படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, படத்தைக் கொண்டுபோய் அப்பாவின் தலைமாட்டில் வைத்தான்.