சுண்டுவிரலின் சுரணை

நல்லூர்ப் பனியன் கம்பெனியில் நெஞ்சோ முதுகோ வலித்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை, வெல்லக்கட்டி வாங்குவார்கள். பஞ்சுத் தூசி அடைத்திருக்கும், வெல்லம் தின்றால் இறங்கிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் நாகஜோதியும் அப்படித்தான் தின்றுகொண்டிருந்தாள். இடது தோள்பட்டை வலி, கைவழியே இறங்கிச் சுண்டுவிரலை மரக்கடித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் உச்சியில், முதுகெலும்பை ஒட்டி, எலுமிச்சங்காய் போல ஒரு நிழல்.

ஸ்கேன் பார்த்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்துவிட்டு, டாக்டர் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, கேன்சர் இல்லீங்க. நரம்போட உறையில வளர்ற சாதாக் கட்டிதானுங்க."

"அப்ப அப்படியே விட்டுரலாமா சார்?"

"சில பேருக்கு விட்டு வெச்சுப் பாக்கலாமுங்க. உங்களுக்குக் கை நரம்பை அமுக்குது. சின்னத் துளை போட்டு, கேமரா வெச்சு எடுத்தரலாம். ஆனா விரல்ல பலம் கொறைய வாய்ப்பிருக்குதுங்க. கண் இமையும் லேசா எறங்கலாம்."

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். துணியை ஊசிக்கு நேராகத் தள்ளிக்கொடுப்பது அந்தக் கைதான்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த புதிதில் அவளுக்குக் கைமடியாக எதிரே உட்கார்ந்தவன் பொன்னுச்சாமி. அவள் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி மடிப்பது அவன் வேலை. "ஏட்டி, ரயிலா ஓட்டுத? மெதுவா விடு" என்று திணறுவான். ரேடியோ பாடும்; டீயும் பன்னும் வரும். அந்த நாள்களில் அவள் துணியைப் பார்த்தே தைத்ததில்லை. ஓரம் எங்கே வளைகிறது என்பதை விரல் பார்த்துக்கொள்ளும். கண் அவன்மேல் இருக்கும்.

இப்போது அவன் புருஷன். கம்பெனி வேன் ஓட்டுகிறான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஸ்கேன் கவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எடுத்துரலாம்ங்க," என்றாள். "மரத்த விரல வச்சிக்கிட்டு எத்தன நாள் ஒப்பேத்த?"

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த மறுநாள், பொன்னுச்சாமி செல்லைக் கண்ணாடியாகப் பிடித்துக் காட்டினான். இடது இமை பாதி இறங்கியிருந்தது.

"கல்யாணம் ஆயி இத்தன வருஷம் கழிச்சி கண்ணடிக்கியே, யாரப் பாத்து?"

"நர்ஸ் நிக்காவ, சும்மா இருங்க. சிரிச்சா விலா இழுக்கு."

டாக்டர் வந்தார். ஒரு காகிதத் துண்டை அவள் மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் சொருகினார். "இறுக்கிப் பிடிங்கம்மா. நான் இழுப்பேன்."

பொன்னுச்சாமி சிரிப்பை விட்டுவிட்டு விரலையே பார்த்தான். டாக்டர் இழுத்தார். காகிதம் நகர்ந்தது, நின்றது. ஓரம் கிழிந்து அவர் கையோடு போனது. மிச்சம் விரலிடுக்கில் இருந்தது.

காகிதத்தின் சொரசொரப்பு சுண்டுவிரலில் மங்கலாகத் தெரிந்தது. நாகஜோதி அதை விடவில்லை.

"இன்னொரு தரம் இழுங்க சார்," என்றாள்.