பிரெண்டா பார்த்துச் சொன்ன விளக்கு

நெவிலுக்கு எழுபத்தொரு வயது, அவருடைய சின்ன மோட்டார் சைக்கிளுக்கு முப்பது. இரண்டில் எது முதலில் படுக்கப் போகிறதோ என்ற கவலையிலேயே அவர் மனைவி பிரெண்டாவின் தூக்கம் பாதி போயிருந்தது.

போன நவம்பரில் பேண்டு ஒத்திகை முடிந்து இருட்டில் திரும்பிய மனிதர், மேட்டுச் சாலையில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்று மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"இந்தத் தடவை எம்.ஓ.டி.யில தேறலேன்னா வித்துடறேன். தேறிட்டா, அடுத்த வருஷம் வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் அந்தச் சோதனை இன்று காலை பத்தரைக்கு, மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் காரேஜில். ஏழு மணிக்கே நெவில் கொட்டகைக்குள் புகுந்துவிட்டார். செயினுக்கு எண்ணெய் போட்டார், டயரைத் தடவிப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். தன் பல்லைக்கூட அவ்வளவு அக்கறையாகத் தேய்த்ததில்லை.

பிரெண்டாவுக்கு வருஷா வருஷம் ஒரே வேலை. கொட்டகையில் பழைய வெள்ளை ஃப்ரீசருக்குப் பக்கத்தில், வண்டிக்குப் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று சொல்ல வேண்டும்.

"இடது?"

"எரியுது."

"வலது?"

"அதுவும்."

அவர் கை பிரேக்கைப் பிடித்தார், பிறகு கால் பிரேக்கை மிதித்தார். "பிரேக் லைட்?"

எரியவில்லை. இரண்டுக்குமே எரியவில்லை.

பிரெண்டா குனிந்து மறுபடியும் பார்த்தாள். ஒரு சின்ன பல்பு. இதை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும், வண்டி தேறாது; இனி எந்த ராத்திரியும் ஜன்னலோரம் நின்று வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை.

"எரியுது," என்றாள்.

"ரெண்டுக்குமா?"

"ஆமாய்யா. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் கண்ணுதான் சரியில்ல."

நெவில் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

வண்டி தேறாவிட்டால் அவரை ஏற்றிவர அவள் காரில் பின்னால் போவது வழக்கம். மேட்டில் ஏறியதும் மூடுபனி கவிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பிரேக் போட்டால் பின்னால் வருகிற யாருக்கும் தெரியாது! வேறு எவனும் நடுவில் நுழைந்துவிடக் கூடாதே என்று இன்னும் ஒட்டிப் போனாள். ஹாரன் அடித்தாள், விளக்கை விட்டுவிட்டுப் போட்டாள். அவரோ ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கையை ஆட்டினார். சண்டாளி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வளைவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. அது அவள் கண்ணில் படவில்லை. முன்னால் இருந்த மங்கலான பின்விளக்கின் சிவப்புப் புள்ளி, கொஞ்சமும் பிரகாசமாகாமல், திடீரென்று பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்தாள். கார் இழுத்துக்கொண்டு போய், தேய்த்துத் துலக்கிய அந்த நம்பர் பிளேட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

இறங்கி ஓடினாள்.

"எரியல, நெவில்! பிரேக் லைட் எரியவே இல்ல. நான் பொய் சொன்னேன். இப்ப நானே உன்னைக் கொன்னிருப்பேன்!"

அவர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் பக்கத்துல வெள்ளை ஃப்ரீசர் இருக்கே. பிரேக் பிடிச்சா அதுல சிவப்பு அடிக்கும். எப்பவும் கண்ணாடியில நானே பாத்துக்குவேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் குளிருல நிக்க வெச்சுக் கேக்கறே?"

"நீ கூட நிக்கறது பிடிக்கும்."

"தெரிஞ்சும் கிளம்பினியா, மடையா?"

"நீ பொய் சொல்ற ஆளே இல்ல. அப்படிப்பட்ட நீயே பொய் சொல்ற அளவுக்குப் பயந்திருக்கேன்னா, தேறாமலே போகட்டும்னு விட்டுட்டேன்." சட்டைப் பையில் கைவிட்டு ஒரு புது பல்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "ஆனா மனசு கேக்கல. இதையும் எடுத்துட்டு வந்தேன். மாட்டவா வேண்டாமா, நீயே சொல்லு."

பிரெண்டா பல்பைப் பார்த்தாள். மாட்டினால் வண்டி தேறிவிடும். அப்புறம் இன்னும் ஒரு வருஷம் அந்த ஜன்னல்தான் கதி. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"மாட்டித் தொலை," என்று பல்பைத் திருப்பிக் கொடுத்தாள். "பனியிலயோ இருட்டுலயோ இன்னொரு தடவை நீ என் கண்ணுக்குத் தெரியாம போகக் கூடாது."

ஸ்க்ரூடிரைவரோடு ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டி மாட்டினார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்தார். அவளுடைய கோட்டு முழுக்கச் சிவப்பு பரவியது.

"எரியுதா?"

"எரியுது," என்றாள்.

அவர் இந்த முறை கண்ணாடியைப் பார்க்கவில்லை.