காதில் போட்டுக்கொள்ளாத சொல்

அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸுக்கு முதுகுக்குப் பின்னால் 'மணிக்கூண்டு' என்று பெயர். ஆளும் நெட்டை, நேரமும் பிசகாது. தினமும் காலை ஏழு மணிக்கு நர்ஸுகளையும் ஆயாக்களையும் நிற்கவைத்து அவர்தான் ஜெபம் செய்வார். தாழ்மையைக் கேட்டு அவர் ஜெபித்தால் நிற்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும். பதினாறு வருஷமாக அந்த வார்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஒரு திங்கட்கிழமை, பெரிய டாக்டர் வரும் நேரம். நான்காம் கட்டிலில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ஒரு தச்சர் படுத்திருந்தார். அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்த ஆயா ஈரத்துணியோடு தலைமை நர்ஸிடம் ஓடி வந்தார்.

"சிஸ்டர், அந்தப் பெரியவருக்கு வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கு. தொட்டா சுடுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே? துடைக்கிற வேலைய மட்டும் பாரு, போ."

பக்கத்திலிருந்த இரண்டு நர்ஸுகள் களுக்கென்று சிரித்தார்கள். ஆயா முகம் சுண்டித் திரும்பிப் போனார்.

மத்தியானம் தச்சருக்கு மூச்சு முட்டியது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். இரண்டு நாள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். புதன்கிழமை அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு நின்ற தலைமை நர்ஸ், "ஆண்டவரே..." என்று தொடங்கினார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் ஆயாவின் முகம்தான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து எல்லோரும் கலைந்து போனார்கள்.

அன்றைக்கே விசாரணை. கண்காணிப்பாளரின் அறையில் தச்சரின் மகளும் இருந்தாள்.

"உடம்பு துடைச்சது நீங்கதானே? கால்ல வீக்கம் எதுவும் பாக்கலையா?" என்று கண்காணிப்பாளர் ஆயாவைக் கேட்டார்.

ஆயா தரையைப் பார்த்தார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. தலைமை நர்ஸைப் பகைத்துக்கொண்டு அந்த வார்டில் காலம் தள்ளவும் முடியாது. "இல்லைங்க ஐயா. நான் ஒண்ணும் பாக்கலை."

தலைமை நர்ஸ் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். ஒரு கணம் அப்படியே உட்கார்ந்தும் இருந்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவங்க பாத்தாங்க, ஐயா. ஓடி வந்து சொன்னாங்க. நான்தான் காதுல போட்டுக்கலை. நாலு பேருக்கு முன்னால கேவலமாப் பேசி அனுப்பிட்டேன்." மகள் பக்கம் திரும்பினார். "உங்க அப்பாவ ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்மா. அந்த வழிய நான் அடைச்சிட்டேன்."

மகள் அவரையே வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

ஆறு மாதத்துக்குத் தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை இறக்கினார்கள். அன்று சாயங்காலம் அவர் படுக்கை விரிப்பு அடுக்கும் அறைக்கு ஆயாவைத் தேடிப் போனார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

ஆயா மடிப்பதை நிறுத்தவில்லை. "அது இருக்கட்டும் சிஸ்டர். நாளைக்கு எங்கள்ல ஒருத்தி வந்து சொன்னா கேப்பீங்களா? அதச் சொல்லுங்க."

அவர் பக்கத்தில் நின்று ஒரு விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அந்த ஆறு மாதமும் தன்னைவிட வயதில் சின்ன நர்ஸ் ஒருத்திக்குக் கீழே வேலை செய்தார்; கட்டுப்போட்டார், மலச்சட்டி எடுத்தார். ஆயாக்களோடு கட்டில் கட்டிலாக நடந்தபோதுதான், எந்த நோயாளி சாப்பிடவில்லை, எவர் தூங்கவில்லை என்பதெல்லாம் முதலில் யாருக்குத் தெரிகிறது என்று அவருக்கே தெரிந்தது.

பொறுப்புக்குத் திரும்பியதும் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். காலை ஜெபம் முடிந்ததும் முதல் பேச்சு ஆயாக்களுடையது. அதன் பிறகே நர்ஸுகள். ஜெபமும் இரண்டு வரியாகச் சுருங்கியிருந்தது. முதல் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்து நின்றார். இரண்டாவது வாரம் அந்த ஆயா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதினொண்ணாம் கட்டில் அம்மா நேத்துலேருந்து சரியா ஒண்ணுக்குப் போகலை, சிஸ்டர்."

"வாங்க, பாக்கலாம்" என்று தலைமை நர்ஸ் ஆயாவை முன்னால் நடக்கவிட்டார்.